பார்த்த மருமகனும் காட்டிய மாமாவும்: கொட்டாஞ்சேனைக் கடைக்கு வந்த ஒரு கடிதம்

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். கடை முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் இருந்த தொகையை மட்டும் விளங்கிக்கொண்டு, அன்று மாலையே புதுக்கடையில் இருக்கும் என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அனுமதியில்லாமல் கடை டிவியில் உதைபந்தாட்டம் காட்டியதற்காக, அதன் ஒளிபரப்பு உரிமத்தை இங்கே வாங்கிய நிறுவனம் கேட்டிருந்தது 15 இலட்சம் ரூபாய். பதினான்கு நாட்களுக்குள் கட்டாவிட்டால் வழக்கு.

அவர் புங்குடுதீவுக்காரர். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். வாசலில் கொத்துத் தகடு, உள்ளே எட்டு மேசை, காசு மேசைக்கு மேலே ஒரு பெரிய டிவி, அதற்குப் பக்கத்தில் முருகன் கலண்டர். யாருக்கும் கடன் வைக்காத மனிதர். கதிரையில் உட்காரும் முன்பே கேட்டார்:

"தம்பி, நான் ஆரின்ட பொருளையும் எடுக்கேல்லை. ஆரோ விட்டதை டிவியில போட்டன். அது எப்பிடிக் களவாகும்?"

கூட வந்திருந்த அவருடைய மருமகன், தங்கையின் மகன், ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பையன், சுவரைப் பார்த்தபடி நின்றான். மாமா வெளியே போன் பேசப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, நான் வீட்டிலதான் பார்த்தன். எனக்கும் கடிதம் வருமா?"

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கேள்வி மாதிரித் தெரியும். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. கொழும்பில் ஒவ்வொரு வார இறுதியிலும் ஆயிரக்கணக்கான வீடுகளிலும் கடைகளிலும் நடக்கிற காரியம் இது. ஆனாலும் எது எங்கே தப்பாகிறது என்று தெளிவாக எடுத்துச் சொல்லப்படுவதில்லை. அதனால்தான், முதலாளியின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டு, இந்த விவகாரத்தை முழுதாக எழுதுகிறேன்.

அந்த இரவு

சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ஐரோப்பாவில் இரவு 9 மணிக்குத் தொடங்கினால் நமக்கு நள்ளிரவு 12.30. முதலாளி கடையைத் திறந்தே வைத்தார். நடைபாதையில் ஒரு கரும்பலகை: "இன்று இரவு ஃபைனல். பெரிய டிவி. கோழிக் கொத்து, நெக்டோ 1,000 ரூபாய்." எழுதியது சமையல்கார அண்ணை. எழுத்து மிகவும் அழகாக இருந்தது. பின்னால் அந்த அழகுதான் நம்மைக் கொன்றது.

கடையில் இருந்தது புறக்கோட்டையில் வாங்கிய ஒரு அன்ட்ரொயிட் பொக்ஸ், இணையத்திலிருந்து சேனல்களை டிவிக்குக் கொண்டுவரும் பெட்டி. விற்றவர் ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று காசை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு, "உலகத்தில இருக்கிற எல்லா சேனலும் வரும் முதலாளி" என்று சொல்லியிருக்கிறார். வந்ததும் உண்மைதான். ஆனால் பெரிய ஆட்டங்களின்போது இந்தப் பொக்ஸ்கள் கழுத்தறுப்பது வழக்கம். ஒரே நேரத்தில் கூட்டம் அள்ளுப்பட்டுக்கொண்டு ஏறுவதால் சேர்வர் படுத்துவிடும், அல்லது உரிமைக்காரர்கள் அந்த நேரம் பார்த்து அதை முடக்கிவிடுவார்கள். அன்றைக்கும் இருபதாவது நிமிடத்தில் படம் உறைந்தது. பந்து நடுவானில் நிற்கிறது, கடையில் முப்பது பேர் கத்துகிறார்கள்.

வெள்ளவத்தை ஃபிளாட்டில் போனில் பார்த்துக்கொண்டிருந்த மருமகனுக்கு மாமா அழைத்தார். அவன் பார்த்துக்கொண்டிருந்த லிங்க்கை அனுப்பினான். முதலாளி தன் போனில் அதைத் திறந்தார். சூதாட்ட விளம்பரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. மூடுகிற குறியைத் தொடப் போனால் அது விரலுக்குத் தப்பி நகரும். நாலைந்து தரம் மூடிய பிறகு ஒரு வெளிநாட்டுச் சேனலின் படம் அரபு வர்ணனையோடு வந்தது. அதை டிவியில் இணைத்தார். கடை மறுபடி களைகட்டியது.

மருமகன் அதே லிங்க்கைத் தன் பழைய பாடசாலை நண்பர்களின் வட்ஸ்அப் குழுவிலும் போட்டான். குழுவில் ஏறத்தாழ 180 பேர். அதோடு ஒரு வரியும் எழுதினான்: "களவு லிங்க்தான், ஆனா நல்ல கிளியர்."

கடிதத்தோடு ஒரு படம் இணைத்திருந்தார்கள். யாரோ வாடிக்கையாளராக வந்து உட்கார்ந்து எடுத்த படம். முன்னால் கொத்துத் தட்டு, பின்னால் தலைகள், அதற்கு மேலே டிவி. மூலையில் வெளிநாட்டுச் சேனலின் இலச்சினை. சுவர் மணிக்கூட்டில் 1.10. முருகன் கலண்டரில் திகதி தெளிவாகத் தெரிகிறது. இன்னொரு படத்தில் கரும்பலகை.

முதல் படத்தை உற்றுப் பார்த்தால் திரையின் நடுவில் மங்கலான எண்கள் ஒரு வரியாக இருக்கும். கட்டணத் தொலைக்காட்சிகள் இப்படி அவ்வப்போது ஒரு எண்ணைத் திரையில் மிதக்கவிடுவார்கள். அது அந்தப் படம் எந்தச் சந்தாதாரரின் பெட்டியிலிருந்து வெளியே கசிகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் எண். முதலாளி அதை ஸ்கோர் என்று நினைத்திருந்தார்.

ஆட்டம் யாருடையது?

முதலாளியின் கேள்விக்கு வருவோம். "ஆரின்ட பொருள்?" நல்ல கேள்வி. ஐரோப்பாவின் உயர்ந்த நீதிமன்றமே இதைக் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டது.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் கரென் மர்ஃபி என்ற பெண் ஒரு மதுச்சாலை நடத்தினார். அங்குள்ள உரிமம் பெற்ற நிறுவனத்தின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. அதனால் கிரேக்க நாட்டுக் கட்டணத் தொலைக்காட்சியின் டிகோடர் அட்டை ஒன்றைப் பெற்று பிரீமியர் லீக் ஆட்டங்களைக் கடையில் காட்டினார். உள்ளூர் நீதிமன்றம் தண்டமும் செலவுமாக ஏறத்தாழ 8,000 பவுண் கட்டச் சொன்னது. அவர் விடவில்லை. வழக்கு லக்சம்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2011 ஒக்டோபர் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது.

உதைபந்தாட்டம் ஒரு படைப்பு அல்ல என்றது அந்தத் தீர்ப்பு. ஆட்டம் விதிகளுக்குக் கட்டுப்பட்டது, பதிப்புரிமை கேட்கிற ஆக்கச் சுதந்திரம் அதில் இல்லை. ஆகவே மைதானத்தில் 22 பேர் ஓடுவதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஒளிபரப்பின் தொடக்கக் காட்சி, கீதம், முன்கூட்டியே தயாரித்த துணுக்குப் படங்கள், திரையில் வரும் கிராஃபிக்ஸ் எல்லாம் படைப்புகள்தான். வீட்டில் ஒருவர் பார்க்கும்போது டிகோடரின் நினைவகத்திலும் திரையிலும் கண நேரம் உண்டாகும் பிரதிகளால் பிரச்சினை இல்லை. ஆனால் அதை மதுச்சாலையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவது பொதுமக்களுக்குத் தெரிவித்தல் ஆகும், அதற்குத் தனி அனுமதி வேண்டும். 2012 பெப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் மர்ஃபியின் குற்றத் தீர்ப்பை நீக்கியது. வெளிநாட்டு அட்டை பாவித்ததற்காக அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. அவர் ஜெயித்தார் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் காட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்ற பகுதி அப்படியே இருந்தது. நமது முதலாளியின் தலைவிதி இருப்பது அந்தப் பகுதியில்தான்.

மைதானத்தில் நடப்பதற்குச் சொந்தக்காரர் இல்லாவிட்டாலும், அதைப் படமாக்கிய விதத்துக்கு உண்டு. பல கமராக்கள், எந்தக் கமராவின் படம் எப்போது வெளியே போகும் என்று தீர்மானிக்கும் இயக்குநர், மெதுவாக ஓடும் மறுகாட்சி. அமெரிக்கச் சட்டத்தை 1976இல் கொண்டுவந்தபோதே, நான்கு கமராவும் அவற்றை வழிநடத்தும் இயக்குநரும் இருந்தால் அது ஆக்கம்தான் என்று அங்குள்ள பாராளுமன்ற அறிக்கை எழுதிவைத்தது. ஐரோப்பா ஓரங்களைப் பாதுகாக்கிறது, அமெரிக்கா முழுப் படத்தையும் பாதுகாக்கிறது.

நம்முடைய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அது இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, கட்புல செவிப்புலப் படைப்புக்கான பதிப்புரிமை. மற்றது, 19ஆம் பிரிவு ஒளிபரப்பு நிறுவனங்களுக்குத் தருகிற தனி உரிமை: அவர்களுடைய ஒளிபரப்பை மறுஒளிபரப்புச் செய்வதும், பொதுமக்களுக்குத் தெரிவிப்பதும், பதிவு செய்வதும் அவர்களைக் கேட்டுத்தான். ஆட்டம் படைப்பா இல்லையா என்ற தர்க்கம் எப்படி முடிந்தாலும் இந்த இரண்டாவது கதவு மூடாது.

மாமாவின் நிலை

சட்டத்தின் 5ஆம் பிரிவில் வரைவிலக்கணங்கள் இருக்கின்றன. "பொதுவில் நிகழ்த்துதல்" என்றால் என்ன என்று சொல்லும்போது ஒரு அளவுகோல் வருகிறது: குடும்பத்தின் வழமையான வட்டத்துக்கும் அதன் மிக நெருங்கிய பழக்கக்காரருக்கும் வெளியே உள்ளவர்கள் இருக்கிற, அல்லது இருக்கக்கூடிய இடம். டிக்கெட் விற்றாயா, இலாபம் வந்ததா என்றெல்லாம் கேட்கவில்லை. யார் வரலாம் என்றுதான் கேட்கிறது. வாசல் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடையில் யாரும் வரலாம்.

முதலாளியிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் எனக்குப் பழகின பெடியள்தான் தம்பி" என்றார். அது உண்மையும்கூட. அந்தக் கடையில் யாருக்கு முட்டைக் கொத்தில் மிளகாய் குறைவாகப் போட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆனால் நடைபாதையில் பலகை வைத்த பிறகு அந்த வாதம் நிற்காது. பலகை ஊரையே கூப்பிடுகிறது. அதோடு கொத்துக்கும் நெக்டோவுக்கும் விலை போட்டு ஆட்டத்தோடு சேர்த்து விற்றிருக்கிறது. நீதவான் ஒருவர் முன்னால் இந்தப் படத்தை வைத்தால் எனக்குப் பேச ஒன்றும் இருக்காது.

தண்டனையும் சிறியது அல்ல. வேண்டுமென்றே உரிமையை மீறியதாக நீதவான் கண்டால் 178ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். இரண்டாம் தடவை பிடிபட்டால் இரட்டிப்பு. குடியியல் பக்கத்தில் வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உரிமைக்காரர் உண்மையான நட்டத்தை நிரூபிக்கலாம். அது முடியாவிட்டால் சட்டமே நிர்ணயித்த நட்டஈட்டைக் கேட்கலாம். அது 50,000 ரூபாய்க்குக் குறையாது, 10 இலட்சத்தைத் தாண்டாது.

நமக்குப் பிடி கிடைத்ததும் இங்கேதான். கேட்டது 15 இலட்சம். சட்டம் நிர்ணயித்த உச்ச வரம்புக்கு மேலே. உண்மையான நட்டம் 15 இலட்சம் என்றால் அதை நிரூபிக்க வேண்டும். எட்டு மேசைக் கடையில் ஒரு இரவு முப்பது பேர் பார்த்ததால் யாருக்கு அவ்வளவு நட்டம் வரும்? இன்னொன்றையும் எழுதினேன்: திரையில் இருந்தது வெளிநாட்டுச் சேனலின் ஒளிபரப்பு, கடிதம் அனுப்பியது இங்கே உரிமம் வாங்கிய நிறுவனம். 19ஆம் பிரிவு தருவது அவரவருடைய சொந்த ஒளிபரப்பின் மீதான உரிமை. ஆகவே எந்த உரிமையின் கீழ் கேட்கிறீர்கள் என்று விளக்குங்கள் என்றேன். வலுவான வாதம் என்று சொல்ல மாட்டேன். தனியுரிமம் பெற்றவர் பதிப்புரிமைக் கதவால் உள்ளே வரலாம். ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்காரவைக்க அது போதுமாக இருந்தது.

மருமகனின் நிலை

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அறைக் கதவைச் சாத்திவிட்டு, போனில், தனியாக, அனுமதியில்லாத ஒரு ஸ்ட்ரீமில் ஆட்டம் பார்ப்பது குற்றமா?

நண்பர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "பார்க்கிறது பிரச்சினை இல்லை மச்சான், டவுன்லோட் பண்ணினாத்தான் கேஸ்" என்பது ஒன்று. "பொலிஸ் வந்து போனைத் தூக்கும்" என்பது மற்றது. சட்டத்தின் எழுத்தை எடுத்துவைத்துப் படித்தால் இரண்டும் பிழை.

பதிப்புரிமைச் சட்டம் உரிமைக்காரருக்கு மட்டுமே உரிய செயல்களைப் பட்டியலிடுகிறது: பிரதி எடுத்தல், விநியோகித்தல், பொதுவில் நிகழ்த்துதல், ஒளிபரப்புதல், பொதுமக்களுக்குத் தெரிவித்தல் என்று போகும். பார்த்தல் அதில் இல்லை. களவாக அச்சடித்த புத்தகத்தை வாசிப்பவர் வாசித்ததற்காகப் பதிப்புரிமையை மீறியவர் ஆவதில்லை. அதே மாதிரித்தான்.

சிக்கல் போனுக்குள் இருக்கிறது. ஸ்ட்ரீமில் பார்க்கும்போது படம் துண்டுதுண்டாக வந்து, சில விநாடிகள் நினைவகத்தில் தங்கி, திரையில் ஓடி, அழிந்துபோகும். மருமகன் பார்த்தது மேல்மாடி வீட்டைவிட முக்கால் நிமிடம் பிந்தி ஓடியது. மேலே கோல் என்று கத்துவார்கள், இவனுக்குப் பந்து இன்னும் நடுக்கோட்டில் இருக்கும். அந்தத் தாமதத்தில் ஒரு பகுதி இந்தத் தற்காலிகச் சேமிப்புத்தான். அந்தச் சில விநாடிப் பிரதி, பிரதியா?

நம்முடைய சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கு நேராகவே பதில் வைத்திருக்கிறது. டிஜிட்டல் பரிமாற்றத்தின்போது தானாக உண்டாகித் தானாக அழியும் தற்காலிகப் பிரதிக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்தப் பரிமாற்றத்தைச் செய்கிறவர் உரிமைக்காரரின் அனுமதியாலோ சட்டத்தாலோ அதற்கு உரித்துடையவராக இருக்க வேண்டும். தனிப்பட்ட பாவனைக்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்ற சலுகையும் அப்படித்தான், மூலம் சட்டபூர்வமான பிரதியாக இருக்க வேண்டும். அனுமதியில்லாத ஸ்ட்ரீம் இரண்டு நிபந்தனையிலும் தோற்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கோடுதான் விழுந்தது. 2014 ஜூன் 5ஆம் திகதி, இணையப் பக்கத்தைப் பார்க்கும்போது உண்டாகும் தற்காலிகப் பிரதிக்கு அனுமதி தேவையில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னபோது, "பார்ப்பது சட்டபூர்வம்" என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அது முறையாகப் போடப்பட்ட பக்கங்களைப் பற்றிய வழக்கு என்பதை யாரும் கூடவே பரப்பவில்லை. 2017 ஏப்ரல் 26ஆம் திகதி, நெதர்லாந்தில் இப்படிப் பொக்ஸ் விற்றவர் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் மறுபக்கத்தைச் சொன்னது: பொக்ஸை வாங்குகிறவர் அனுமதியில்லாத படங்களைத் தெரிந்துதான் பார்க்கிறார், ஆகவே அந்தத் தற்காலிகப் பிரதிக்கு விலக்கு இல்லை. அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நம்முடைய 12ஆம் பிரிவின் சொற்கள் அவற்றோடு ஒத்துப்போகின்றன.

அப்படியென்றால் மருமகன் குற்றவாளியா? அவசரப்படக் கூடாது. 178ஆம் பிரிவை முழுதாகப் படிக்க வேண்டும். அதன் மூன்றாம் உட்பிரிவு, உரிமையை மீறிய கணினி மென்பொருள் என்று தெரிந்தும் அதை வேண்டுமென்றே பாவிப்பவர் குற்றவாளி என்கிறது. பாவிப்பதே குற்றம் என்று சட்டம் சொல்ல விரும்பினால் எப்படிச் சொல்லும் என்பதற்கு இதுதான் உதாரணம். மென்பொருளுக்கு அப்படிச் சொன்ன பாராளுமன்றம், படம் பார்ப்பவருக்கோ ஒளிபரப்பைப் பார்ப்பவருக்கோ அப்படி ஒரு வரி எழுதவில்லை. என் வாசிப்பில் இது கவனக்குறைவு அல்ல. புலமைச் சொத்து பற்றிய உலக வர்த்தக நிறுவனத்தின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 61ஆம் உறுப்புரையும் குற்றவியல் நடவடிக்கையைக் கட்டாயமாகக் கேட்பது வணிக அளவில் வேண்டுமென்றே செய்யப்படும் திருட்டுக்குத்தான். வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் பையன் அந்த அளவுக்குள் வரமாட்டான்.

ஆகவே மருமகனிடம் நான் சொன்னது இது: நீ பார்த்தது சுத்தமான காரியம் இல்லை. போனுக்குள் உண்டான பிரதிக்குச் சட்டத்தில் ஒதுங்க நிழல் இல்லை, குடியியல் வழக்குக்குத் தாளில் இடம் இருக்கிறது. ஆனால் பார்த்ததற்காக மட்டும் உன்னை நீதவான் முன் நிறுத்துவதற்கு இந்தச் சட்டத்தில் நேரான பிரிவு இல்லை.

பையனின் முகம் தெளிந்தது. அப்புறம்தான் வட்ஸ்அப் குழுவைக் காட்டச் சொன்னேன்.

பார்த்ததைவிட அந்த ஒரு வரிதான் என்னைக் கவலைப்படுத்தியது. 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் லிங்க் கொடுப்பதைப் பற்றி ஒரு வழக்கில் சொன்னது: இலாப நோக்கம் இல்லாமல் லிங்க் போடுகிறவருக்கு அது அனுமதியில்லாதது என்று சாதாரணமாகத் தெரிந்திருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தெரிந்தே போட்டால் கதை வேறு. நம்முடைய பையன் தெரிந்தே போட்டேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறான். அதோடு மாமாவுக்கு அனுப்பிய லிங்க், அது கடை டிவிக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பியது. பார்த்தவனாக இருந்தவன் அந்த நிமிடத்தில் காட்டுவதற்கு உதவியவன் ஆகிவிட்டான். கடிதத்தில் அவன் பெயர் இல்லை, ஏனென்றால் படம் எடுத்தவருக்கு அவனைத் தெரியாது. அவ்வளவுதான்.

பொக்ஸ் விற்றவர்

இவருடைய நிலையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மறையாக்கம் செய்த நிகழ்ச்சியை உரித்தில்லாதவர் பெறுவதற்கு உதவும் சாதனங்களை விற்பனைக்காகத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் நம்முடைய சட்டத்தின் 23ஆம் பிரிவு சட்டவிரோதம் என்கிறது. நெதர்லாந்து வழக்கிலும் பொக்ஸில் லிங்க்குகளை ஏற்றி விற்றவர்தான் பொதுமக்களுக்குத் தெரிவித்தவர் என்று முடிவாகியது. 2023 மே மாதம் இங்கிலாந்தில் இப்படி ஒரு சந்தா வலையமைப்பை நடத்திய ஐந்து பேருக்குச் சேர்த்து 30 வருடங்களுக்கு மேல் சிறை கிடைத்தது. முதலாளிக்கு விற்றவரை நாங்கள் அழைத்துப் பார்த்தோம். போன் அணைத்திருந்தது. வருடக் காசு போன வழிதான். தன் வங்கி விவரமும் போன் இலக்கமும் அந்த ஆளிடம் இருக்கிறது என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியூர் நிலைமை

இங்கே பார்ப்பவரைத் தேடி யாரும் வராததை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. இத்தாலியில் 2023இல் வந்த 93ஆம் இலக்கச் சட்டம் பார்ப்பவருக்கே 154 முதல் 5,000 யூரோ வரை தண்டம் விதிக்கிறது. அனுமதியில்லாத ஸ்ட்ரீமை 30 நிமிடத்துக்குள் முடக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. அந்த அவசரத்தில் 2024 ஒக்டோபரில் கூகுள் டிரைவையே சில மணி நேரம் முடக்கிவிட்டார்கள். மிலானில் இருக்கும் நம்மவர்களின் பிள்ளைகள் கொழும்பில் இருந்த பழக்கத்தில் லிங்க் தேடினால் வீட்டுக்குத் தண்டச் சீட்டு வரலாம். அமெரிக்கா 2020இல் கொண்டுவந்த சட்டமோ சேவை நடத்துகிறவர்களுக்கு மட்டும் 10 வருடம் வரை சிறை வைத்து, பார்ப்பவரைத் தொடாமல் விட்டது. இங்கிலாந்து நீதிமன்றம் 2017 முதல் ஆட்டம் நடக்கும்போதே சேர்வர்களை முடக்க உத்தரவு கொடுக்கிறது. அன்று கடையில் பந்து நடுவானில் உறைந்ததற்கும் அப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம்.

வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்களுக்கு பிஅவுட்கியூ என்ற பெயர் ஞாபகம் இருக்கும். 2017 முதல் கட்டாரின் விளையாட்டுச் சேனல்களை அப்படியே திருடி, தன் இலச்சினையைப் போட்டு ஒளிபரப்பிய சேவை அது. 2020 ஜூனில் உலக வர்த்தக நிறுவனத்தின் குழு, சவூதி அரேபியா அதற்கு எதிராகக் குற்றவியல் நடவடிக்கை எடுக்காமல் விட்டது டிரிப்ஸ் உடன்படிக்கைக்கு முரண் என்று தீர்மானித்தது. ஒரு பொக்ஸ் விவகாரம் நாடுகளுக்கிடையிலான வழக்காக மாறிய கதை அது.

எப்படி முடிந்தது

மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து. கடைசியில் 2 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், ஐந்து தவணை, இனி அனுமதியில்லாமல் கடையில் எந்த ஒளிபரப்பையும் காட்டுவதில்லை என்ற எழுத்து உறுதிமொழி. வழக்குப் போடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்த ஒரு இரவு கொத்து விற்ற காசு இதில் ஒரு தவணைக்குக்கூடக் காணாது.

இதில் எனக்கு மனம் ஆறாத ஒரு இடம் இருக்கிறது. பேச்சுவார்த்தையின்போது முதலாளி நேராகக் கேட்டார்: "சரி, முறையாக் காட்ட எவ்வளவு?" அதற்குப் பதில் வர ஐந்து வாரம் எடுத்தது. வீட்டுச் சந்தாவின் விலை எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. கடைக்கான விலை எங்கேயும் இல்லை. வந்த விலையும் நட்சத்திர ஹோட்டலுக்குப் போட்ட விலை மாதிரி இருந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, டொலரில் உரிமம் வாங்குகிறவர்களுக்குச் செலவு கூடியிருக்கும், அது விளங்குகிறது. ஆனால் எட்டு மேசைக் கடைக்கு எட்டு மேசை விலை ஒன்று இருக்க வேண்டும். படம் எடுக்க ஆள் அனுப்ப முடிந்தவர்களுக்கு ஒரு விலைப் பட்டியலையும் அனுப்ப முடியும். மூன்று மொழியிலும் அனுப்ப முடியும். கடிதத்தை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பியதை நான் என் பதிலில் சொல்லிக் காட்டினேன்.

முதலாளி இப்போது வீட்டுச் சந்தா ஒன்று எடுத்திருக்கிறார். கடைக்கு மேலேதான் அவருடைய வீடு. கடை டிவியில் இப்போது செய்தி மட்டும். போன வாரம் வழியில் கண்டபோது நிறுத்திக் கேட்டார்: "மேல வீட்டில பார்த்தாப் பிரச்சினை இல்லைத்தானே தம்பி? நான், மனிசி, பிள்ளையள், மருமகன்."

"பிரச்சினை இல்லை அண்ணை."

"சமையல்காரரும் வருவார்."

"வரட்டும்."

"அவற்ற தம்பியும், பக்கத்துச் சலூன்காரப் பெடியனும்?"

நான் கொஞ்சம் யோசித்தேன். நெருங்கிய பழக்கம்தான். ஆனாலும், சந்தா ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதைப் படியெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை. சனிக்கிழமை 8.30க்கு ஆட்டம் இருக்கிறது.